காதிரைச்சலும் மின்சாரமும்

தஹஜ்ஜுத் வேளையில் ஊரே அடங்கியிருக்கும். "ஹஜ்ரத், அந்த நேரத்தில்தான் என் காதுக்குள் இரைச்சல் கூடுகிறது" என்று நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார். மின்சாரத்தால் நரம்பைத் தூண்டி இதனைக் குணப்படுத்தலாம் என்ற செய்தியை அண்மையில் கைப்பேசியில் காட்டி, நிலத்தை விற்றாவது அதனைச் செய்துகொள்ளட்டுமா என வினவினார். அவ்வினாவே நம்மை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

இந்நோய் புதிதன்று. இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில், காது நோய்களிடையே இதனைத் தனியே விவரித்துள்ளார். மின்மருத்துவமும் பழமையானதே. முதல் நூற்றாண்டின் ரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத் தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைமேல் வைக்கச் சொன்னார். நைல் நதியின் மின்கெளுத்தியை அரபிகள் 'ரஆத்' என்றழைத்தனர். இடியைக் குறிக்கும் 'ரஃத்' என்பதும் அதே வேர்ச்சொல்லே. இதைக் கொண்டு, மின்சாரத்தை நம்மவர் அன்றே கண்டறிந்தனர் என்று பெருமை பேசுவது பிழை. அவ்வேருக்கு நடுக்கம் என்ற பொருளும் உண்டு. தொட்டவர் கை நடுங்கிற்று, அவ்வளவே.

1800ஆம் ஆண்டில் இத்தாலியின் வோல்டா, தாம் புதிதாய்ச் செய்த மின்கலத்தின் இரு முனைகளையும் தம் காதுகளுக்குள் செலுத்தினார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பின்னர் கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற ஓசை. அஞ்சி, அச்சோதனையை அத்துடன் விட்டார். விந்தை என்னவெனில், இல்லாத ஓசையைக் கேட்கச் செய்த அதே மின்சாரத்தால் இல்லாத ஓசையை அடக்க, மறு ஆண்டே பெர்லின் மருத்துவர் கிராபென்கீசர் முயன்றார். அந்த ஆர்வம் விரைவில் தளர்ந்தது.

காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையே அக்குறையை இட்டு நிரப்புவதால் இரைச்சல் எழுகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். எனவே ஆய்வாளர்கள் வேறு நரம்புகளை நாடினர். 2011இல் டெக்சாஸில் எலிகளின் வேகஸ் நரம்பைத் தூண்டியவாறே ஒலிகளைக் கேட்கச் செய்தபோது, இரைச்சலின் அறிகுறிகள் மறைந்தன. 2020இல் வெளியான ஆய்வில், அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் 326 பேருக்கு 12 வாரம் நாவில் மின்துடிப்பும் காதில் ஒலியும் தரப்பட்டன. பெரும்பாலோர்க்குத் துன்பம் குறைந்தது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க, போலிச் சிகிச்சை பெற்ற குழு அதில் இல்லை. அக்கருவிக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

குணம் அன்று, தணிவு என்றே பெரியவரிடம் சொன்னோம். நிலத்தைத் தொட வேண்டாம் என்றும் சொன்னோம். மறுவாரம் செவித்திறன் சோதனைக்கு அழைத்துச் சென்றபோது, கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. இப்போது காதுக் கருவி அணிகிறார். இரவில் மின்விசிறியின் ஓசையில் உறங்குகிறார்.