சீமை அடுப்பும் ஊர்ப் பந்தியும்

1888ஆம் ஆண்டு பம்பாயில் மோத் பனியா சாதியார் கூட்டம் போட்டு, பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பையன் பாரிஸ்டர் படிக்க லண்டன் போகிறானாம். கடல் தாண்டுவது மதத்துக்கு விரோதம், அங்கே போனால் வெள்ளைக்காரர்களோடு உண்ணவும் குடிக்கவும் வேண்டிவரும் என்றார் சாதித் தலைவர். மதுவையும் மாமிசத்தையும் பெண்ணையும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்றான் பையன். ஒரு சமண முனிவர் முன்னிலையில் செய்த சத்தியம் அது. தலைவர் சமாதானம் ஆகவில்லை. பையனைச் சாதியை விட்டு விலக்கினார். அவனுக்கு உதவி செய்கிறவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம்.

காந்தியின் சத்திய சோதனையில் வரும் இந்த இடத்தை முதலில் படித்தபோது அந்த நாலணாக் கணக்குதான் சிரிப்பை மூட்டியது. பிறகு வேறொன்று உறைத்தது. பையன் லண்டனில் என்ன படிக்கப்போகிறான், திரும்பி வந்து யாரிடம் வேலை பார்க்கப்போகிறான் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய விஷயமில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்பதுதான் கேள்வி. அவர்கள் கேட்டது முட்டாள்தனமான கேள்வியும் இல்லை. சாதி ரெண்டு இடத்தில் உயிர் வாழ்கிறது. ஒன்று கல்யாணம், இன்னொன்று பந்தி. பந்தி கலைந்தால் பாதி போச்சு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஜெர்மனியில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என்னைப் போன்றவர்களின் வாரக்கடைசி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் அடுப்பில் சாம்பார், இன்னொரு பக்கம் கைப்பேசியில் ஊர் அரசியல். குளிரில் இட்லி மாவு புளிக்காது என்பதால் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு அதற்குள் பாத்திரத்தை வைப்போம். ஊரில் வாக்கு எண்ணிக்கை காலை 8 மணிக்குத் தொடங்கினால் கோடையில் எங்களுக்கு விடிகாலை நாலரை. மாவு பொங்கிவிட்டதா என்று ஒரு கண், எந்தச் சுற்றில் யார் முன்னிலை என்று ஒரு கண். இரண்டையும் ஊர் ஞாபகம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். சமையல் என்றால் ஏக்கம், அரசியல் என்றால் செய்தி. ஆனால் அந்தக் காலத்து லண்டன் இந்தியர்களின் கதையைப் படித்தால், அரசியல் நடந்த இடமே பல நேரம் சமையலறைதான் என்று தெரிகிறது.

லண்டனில் காந்தி முதலில் பட்டினிதான் கிடந்தார். தங்கியிருந்த வீடுகளில் கொடுத்த உப்புச் சப்பில்லாத காய்கறி வயிற்றுக்குப் போதவில்லை. அலைந்து திரிந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதன் வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதுவரை அம்மாவுக்காகச் சைவம், அதன்பின் தன் விருப்பத்தில் சைவம். அப்புறம் செலவைக் குறைக்க ஒற்றை அறைக்கு மாறி ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், இரவில் ரொட்டியும் கோகோவும், மதியம் மட்டும் வெளியே. ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்க்கை ஓடியது. சமையலுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகாது என்று கணக்கு எழுதியிருக்கிறார். தனியறையில் இருந்த எவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

அந்த உணவகத்து வழியாக லண்டன் சைவ உணவாளர் சங்கத்துக்குள் போனார். செயற்குழுவிலும் இடம் கிடைத்தது. 1891இல் அவர்களுடைய இதழில் இந்தியச் சாப்பாட்டைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் நம் ஊரில் இதைச் சாப்பிடுவோம், அதைச் சாப்பிடுவோம் என்று வெள்ளைக்காரருக்குச் சொல்லும் கட்டுரைகள்தான். ஆனால் ஓரிடத்தில், ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஏழைகளைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களுக்குப் பழைய ரொட்டியும் உப்பும்தான் உணவு என்றும், அந்த உப்பின்மேலும் கடும் வரி இருக்கிறது என்றும் எழுதுகிறார். தண்டி யாத்திரைக்கு 39 வருஷம் முன்பு. உணவைப் பற்றி நேர்மையாக எழுதப்போனால் வரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறை மாணவர்கள் அவ்வளவு சாதுவானவர்கள் இல்லை. 1905 ஜூலையில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா வடக்கு லண்டனின் ஹைகேட்டில், 65 குரோம்வெல் அவென்யூவில், ‘இந்தியா ஹவுஸ்’ என்ற விடுதியைத் திறந்தார். இந்திய மாணவர்கள் தங்கவும் சாப்பிடவும் ஓர் இடம். அவர் கொடுத்த உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு, வாங்குகிறவர்கள் பிரிட்டிஷ் அரசில் வேலைக்குப் போகக்கூடாது. சாவர்க்கர் 1906இல் அங்கே வந்தார். திருச்சி வரகனேரிக்காரரான வ.வே.சு. ஐயர் பாரிஸ்டர் படிக்க வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரரான டி.எஸ்.எஸ். ராஜன் மருத்துவம் படிக்க வந்தார். ஐயர் லண்டனிலிருந்து எழுதிய கடிதங்கள் பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகையில் வந்தன. ஊர்ச் செய்தி கப்பலில் இங்கே வரவும், பதில் கப்பலில் அங்கே போகவும் வாரக்கணக்கில் ஆன காலம். இன்று நாம் அரை நிமிஷத்தில் கோபப்பட்டு அரை நிமிஷத்தில் மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு ஒரு கோபத்தை மூன்று வாரம் வைத்திருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

1909 ஜூலை 1ஆம் தேதி இரவு மதன்லால் திங்ரா, கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17 அன்று திங்ராவைத் தூக்கில் போட்டார்கள். இந்தியா ஹவுஸ் கலைந்தது. டிரான்ஸ்வால் இந்தியர்களுக்காகப் பேச்சுவார்த்தை நடத்த காந்தி அதே ஜூலையில்தான் லண்டன் வந்து சேர்ந்தார். திங்ரா செய்ததை அவர் வெளிப்படையாகக் கண்டித்தவர். மாணவர்களில் பலருக்கு திங்ரா வீரர். இப்படிப்பட்ட சூழலில் அக்டோபர் 24ஆம் தேதி தசரா விருந்துக்குத் தலைமை தாங்க மாணவர்கள் காந்தியைக் கூப்பிட்டார்கள். சாப்பாடு சைவமாக இருக்க வேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசக்கூடாது என்று சொல்லி அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று சமைத்தவர்கள் மாணவர்களே. ராஜனும் அதில் ஒருவர். பிற்காலத்தில் அவர் சொல்லியிருப்பது இது: மதியம் ஒல்லியாக, குள்ளமாக ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். காய்களைச் சுத்தம் செய்தார், பாத்திரம் கழுவினார், மற்றவர்களோடு சேர்ந்து வேலை பார்த்தார். யாரென்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் ஐயர் வந்து பார்த்துத் திடுக்கிட்ட பிறகுதான் அவர் அன்றைய தலைவர் என்று சமையல்கட்டுக்குத் தெரிந்தது. போதும் என்று தடுத்தும் காந்தி கேட்கவில்லை. பரிமாறி முடித்துவிட்டுத்தான் தலைமை நாற்காலிக்குப் போனார். மேடையில் அவரும் சாவர்க்கரும் பேசினார்கள். அரசியல் பேசக்கூடாது என்பதால் இருவரும் ராமாயணம் பேசினார்கள், ஆளுக்கொரு ராமாயணம். கேட்டவர்களுக்கு அரசியல் புரிந்திருக்கும். மூன்று வாரத்தில் காந்தி கப்பலேறினார். நவம்பர் 13 முதல் 22 வரை கப்பலிலேயே இந்த மாணவர்களோடு மனதுக்குள் வாதாடி ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதி முடித்தார்.

அந்தச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். வரகனேரி ஐயர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார், சாதிவிலக்குப் பெற்ற ஒரு பனியா. ஊரில் இவர்கள் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே மேசையில் சாப்பிட்டிருப்பார்களா? லண்டனில் அது நடக்க எந்தப் புரட்சியும் தேவைப்படவில்லை. பார்க்க மாமா சித்தப்பா இல்லை, அவ்வளவுதான். சீமையில் பந்தி கலைவது சுலபம்.

ஆனால் காந்தியின் நிபந்தனையும் உறுத்தத்தான் செய்கிறது. ஒருவருடைய விரதத்துக்காக எல்லோரும் சைவம் சாப்பிட வேண்டுமா? அடுத்த வருடமே இதே கேள்வி பெரிய அளவில் அவர் முன் வந்தது. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே, காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே வந்தன. குஜராத்திகள், தமிழர்கள், தெலுங்கர்கள், இந்து, முஸ்லிம், கிறித்தவர். சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கும் பொறுப்பும் சுகாதாரமும் தம்பி நாயுடுவிடம். மாட்டிறைச்சி உட்பட மாமிசம் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று காந்தி தீர்மானித்திருந்தார். முடிவை அவராக எடுக்கவில்லை. முஸ்லிம், கிறித்தவப் பெண்களிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டார். அவர்கள் சம்மதித்த பிறகுதான் ஒரே சைவச் சமையலறை. எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், பொதுப் பாத்திரங்களை முறைவைத்துக் கழுவ வேண்டும். கேட்டவர் காந்தி என்னும்போது மறுப்பது எவ்வளவு சாத்தியம் என்று இன்றைக்கு நாம் சந்தேகப்படலாம். இருந்தாலும் கேட்டார் என்பதும், வரிசை ஒன்றுதான் என்பதும் முக்கியம்.

இனி ஊருக்கு வருவோம். ஐயர் லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பத்து வருடம் அங்கே. பிறகு தமிழ்நாட்டில் தேசியக் கல்விக்காகக் குருகுலம் தொடங்கினார். அது சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியாகச் சாப்பாடு போட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தியா என்று கேட்டார்கள். 1925இல் காங்கிரஸ் கமிட்டி, தேசிய இயக்கத்து நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று தீர்மானம் போட்டது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டு, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அடுத்த நூறு வருடத் தமிழக அரசியலின் வேர்களில் ஒன்று, இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

ஐயரைச் சாதிவெறியர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. லண்டனிலும் பாரீசிலும் புதுச்சேரியிலும் எல்லோரோடும் புழங்கியவர். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா என்று தயங்கினார். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்ற பையன்கள். சீமையில் சுலபமாகக் கலைந்த பந்தி, தாமிரபரணிக் கரையில் கலையவில்லை.

எங்கள் கதையும் இதன் வாலில்தான் தொங்குகிறது. சில வருடம் முன்பு நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். ஒருவர் முட்டைகூடத் தொடமாட்டார். தனக்கென்று ஒரு வாணலி, ஒரு கரண்டி கேட்டார், கொடுத்தோம். ஓர் அடுப்பில் எங்கள் மீன்குழம்பு, பக்கத்தில் அவருடைய மிளகு ரசம். மேசை ஒன்று. அவர் ரசத்தை நாங்கள்தான் காலி செய்வோம். அதற்கு முன்பு வேறொரு வீட்டுக்கு அறை பார்க்கப் போயிருந்தேன். “வெஜ்தானே?” என்றார்கள். எல்லாம் சாப்பிடுவேன், ஆனா வீட்டுக்குள்ள சமைக்கலன்னா பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “ஊர்ல எந்தத் தெரு? அப்பா பேர் என்ன?” சமைக்கமாட்டேன் என்று சொன்ன பிறகும் தெருவின் பெயர் எதற்கு? அறை கிடைக்கவில்லை. அங்கே இருந்தவர்களும் தேர்தல் நேரத்தில் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஜனநாயகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான்.

இந்த இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் 1888 முதல் 1925 வரையான கதை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது. என் தட்டில் என்ன இருக்கலாம் என்று நான் முடிவு செய்வது விரதம். பக்கத்துத் தட்டில் யார் இருக்கலாம் என்று நான் முடிவு செய்வது சாதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, ‘சைவம் மட்டும்’ என்ற ஒரே விளம்பரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் உண்டு. வந்தவரை உட்காரச் சொல்லி, தட்டை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

லண்டனில் காய் நறுக்கிய ராஜன் 1914இல் ஊர் திரும்பினார். 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்பு யாத்திரை திருச்சியில் அவருடைய வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. 1891இல் லண்டன் இதழ் ஒன்றில் எழுதப்பட்ட அந்த வரி போட்ட உப்பு, கடைசியில் வேதாரண்யம் கடற்கரையில் கைக்கு வந்தது. உப்பை மீட்பது அந்த அளவுக்கு முடிந்தது. பந்தியை மீட்பது அப்படி ஒரு யாத்திரையில் முடிகிற காரியமாக இல்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தில் நூல் நூற்றல் முதல் இலக்கியம் வரை எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டு பேர் எழுந்து தனியாகச் சாப்பிடப் போகும்போது, மீதிப் பையன்கள் தினமும் என்ன படித்தார்கள் என்பது மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திருக்காது.