அலர் இல்லாத ஊர்

‘காதலிக்க நேரமில்லை’ என்று ஆரம்பித்தாலே பேச்சு, நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிக்குப் போய் நின்றுவிடுகிறது. நல்ல காட்சிதான். சொல்கிறவனைவிடக் கேட்கிறவன் பெரிய நடிகனாகத் தெரிவது நம் சினிமாவில் அபூர்வம். ஆனால் அந்தக் காட்சியின் வெளிச்சத்தில் படத்துக்கு ஆதாரமான செயல் மறைந்துபோகிறது. விசுவநாதன் என்கிற பணக்காரரின் இரண்டு பெண்கள் சென்னையில் படிப்பை முடித்துக்கொண்டு சின்னமலைக்கு, அதாவது சொந்த ஊருக்கு, திரும்புகிறார்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது. 1964 பிப்ரவரியில் வெளிவந்த இந்தப் படம்தான் நம்முடைய ஊர் திரும்பும் காதல் நகைச்சுவைகளுக்கு முன்மாதிரி என்றால், அது ஊரை என்ன செய்தது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னும் தமிழ்ப் படங்களில் ஆட்கள் ஊர் திரும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். சிரித்துக்கொண்டு திரும்பவில்லை, அவ்வளவுதான். எல்லிஸ் ஆர். டங்கனின் ‘சதிலீலாவதி’யில் (1936) கதாநாயகன், நண்பனைக் கொன்றுவிட்டோம் என்ற பயத்தில் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான், பட்டதெல்லாம் பட்ட பிறகே வீடு. ‘பராசக்தி’யின் (1952) குணசேகரன் தங்கையின் கல்யாணத்துக்காக ரங்கூனிலிருந்து கிளம்பி, சென்னையில் கைப்பொருளைப் பறிகொடுத்துப் பைத்தியக்காரனாக நடிக்க வேண்டியவனாகிறான். திரும்புவது என்றால் ஊரோடு கணக்குத் தீர்ப்பது. ‘சதிலீலாவதி’யில் குடி கெடுக்கும் வில்லனாக அறிமுகமானவர் டி. எஸ். பாலையா. 28 வருஷம் கழித்து அதே பாலையா எஸ்டேட் முதலாளி. ஒரு படத்தில் தண்டனை அனுபவிக்கிற இடமாக இருந்த தோட்டம் இன்னொரு படத்தில் சொந்த ஊராகிவிட்டது. நடிகர் தேர்வில் இது தற்செயல். சரித்திரத்தில் அப்படி அல்ல.

அகக் கவிதையில் ஊருக்கென்று ஒரு வேலை உண்டு: அலர் தூற்றுவது. தலைவன், தலைவி, தோழி, தாய் என்ற நாலு பேரைச் சுற்றிப் பெயரும் முகமும் இல்லாத ஒரு வாய். அது பேசுவதால்தான் களவு கற்பை நோக்கி அவசரப்படுகிறது. திருக்குறள் இதற்கென்றே ‘அலரறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. ஆக, நம் மரபில் ஊர் காதலுக்குப் பின்னணி அல்ல. அது ஒரு பாத்திரம். நிலப்பரப்பாக இருப்பதற்கு முன்னால் அது ஒரு பார்வையாக இருக்கிறது.

சின்னமலைக்கு அந்தப் பார்வை கிடையாது. கதையை ஓர் அடி நகர்த்துகிற கோயிலோ, தேரடியோ, சாதித் தெருவோ, பெரியம்மாவோ அங்கே இல்லை. பங்களா, கார், தோட்டம், தகப்பனார். இவ்வளவுதான் ஊர். படத்தில் பரம்பரை வீடுபோல் காட்டப்படுவது ஆழியாறு அணைக்கட்டுப் பக்கத்து அரசு விருந்தினர் மாளிகை. அணையே பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் அப்போதுதான் எழுந்தது. ஞாபகம் என்று எதுவும் ஒட்டிக்கொள்ள நேரமில்லாத ஓர் இடத்தை வின்சென்ட்டின் ஈஸ்ட்மன் கலர் கேமரா பிறந்த மண்ணாக ஆக்கிவிட்டது. அலர் தூற்ற ஆள் இல்லாததால் காதல் ஆபத்தற்றதாகிறது. ஆபத்தற்றதாக ஆனதால் சிரிக்க முடிகிறது. ஸ்ரீதரின் சாமர்த்தியம் இது. ஐந்து வருஷத்துக்கு முன் ‘கல்யாண பரிசி’ல் இதே ஸ்ரீதர் காதலையும் குடும்பத்தையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்து எல்லோரையும் அழவிட்டவர் என்பதை நினைத்துப் பார்த்தால், என்ன எடுக்கப்பட்டது, என்ன விடப்பட்டது என்பது தெரியும்.

இந்த ஊரைச் செய்தது சென்னைதான். ஸ்ரீதரும் வசனத்தில் துணைநின்ற கோபுவும் செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். கதை விவாதம் மெரினாவில் நடந்தது என்பது பலமுறை சொல்லப்பட்டுவிட்ட செய்தி. படமும் மெரினாவில், முத்துராமனும் காஞ்சனாவும் பாடுவதில்தான் ஆரம்பிக்கிறது. இந்தப் படம் யாருக்காகச் சிரித்ததோ அவர்கள் தென் சென்னையில் குடியேறியவர்கள். தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து உண்டானது. அடையாறு காந்தி நகர் 1940களின் கடைசியில். அங்கே யாரும் பூர்வீகம் இல்லை. மயிலாப்பூர் மட்டும் தேரும் தெப்பமும் உள்ள அசல் ஊர்; ஆனால் மாட வீதியில் மூன்று தலைமுறையாக இருப்பவரைக் கேட்டாலும் ‘எங்க ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம்’ என்பார். (வங்கிக் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். கணக்கு துவங்கும் படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நிற்கும். பிறகு பெரும்பாலோர் ‘மேற்படி’ என்று எழுதிவிடுவார்கள்.) வைத்தியம், வக்கீல், குமாஸ்தா வேலை என்று வந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு, போனால் எவரும் எதுவும் கேட்காத ஓர் ஊர் வேண்டியிருந்தது. சின்னமலை அதைக் கொடுத்தது. வெள்ளி விழா நடந்தது வெறும் சிரிப்புக்காக மட்டும் அல்ல.

படத்தில் ஒரே ஒரு இடத்தில் வெளியுலகம் உள்ளே வரப் பார்க்கிறது. தோட்டத்து வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக், முதலாளி வீட்டு வாசலுக்கு எதிரே கூடாரம் அடித்து வேலை கேட்கிறான். பட்டதாரி, வேலையில்லாதவன், தோட்டம், போராட்டம் எல்லாம் இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் அது மேற்கத்திய மெட்டில் ஆட்டமாகிவிடுகிறது. பாட்டு பிரமாதம், விசுவநாதன்-ராமமூர்த்தியின் உற்சாகத்தை இன்றும் தட்ட முடியாது. ஆனால் கூடாரம் சுருட்டப்படுவது நீதி கிடைத்ததால் அல்ல, அசோக் கோடீசுவரன் மகனாக வேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனதால். அசோக்காக நடித்த ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்து திருச்சிக்குப் படிக்க வந்தவர். ‘ஊர் திரும்பிய’ ஒரே ஆள் படத்தில் அவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பிறகு வந்தவை வேகமாகச் சொல்லத்தக்கவை. ‘அன்பே வா’ (1966) ஊரையும் கழற்றிவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டது: முதலாளி தன் சிம்லா பங்களாவுக்குப் போய், தன் வீட்டிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறார். 1977இல் ‘16 வயதினிலே’ அலரைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஊர் வாய் திறந்ததும் நகைச்சுவை போய்விட்டது.

1964 அக்டோபர் 30 அன்று, படம் வந்து எட்டு மாதத்தில், சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் 1948 சட்டத்தால் நாடற்றவர்களான 9,75,000 பேர். இதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்த மிச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதே வருஷங்களில் பர்மாவிலிருந்து கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தன. குணசேகரன்கள் வியாசர்பாடியில் இறக்கப்பட்டார்கள். தென் சென்னைக்கும் அவர்களுக்கும் நடுவே கூவம் ஓடியது. இலங்கையிலிருந்து தலைமன்னார் வழியாக வந்தவர்கள் மண்டபம் முகாமில் பதிவானார்கள். அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. மூன்று தலைமுறைக்கு முன் தாத்தா விட்டுப்போன ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லப்பட்டது. அந்த ஊரில் பலருக்கு நிலமும் இல்லை, அறிந்த முகமும் இல்லை. அலர் மட்டும் இருந்தது. நீலகிரியில் இன்றும் அவர்கள் சிலோன்காரர்கள்.

அவர்களுக்கென்று நீலகிரியில் 1968இல் அரசு தேயிலை நட ஆரம்பித்தது. 1976இல் அது தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. வால்பாறையிலும் அதற்குத் தோட்டங்கள் உண்டு. வால்பாறைக்குப் போகிற பாதை ஆழியாற்றிலிருந்து, பாலையாவின் பங்களா இருந்த இடத்திலிருந்து, 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. மேலே லைன் வீடுகள். வேலையில் இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்துகொண்டு கிளம்பவேண்டும் என்பது தோட்டத்து நியதி. கண்டியிலும் அதே நியதிதான் இருந்தது.