சன் மெய்டும் சன் மேடும்

சிவப்பு டப்பா. மஞ்சள் சூரியனுக்கு முன்னாடி சிவப்புக் குல்லா போட்ட பொண்ணு, கையில திராட்சைக் கூடை. சன் மெய்ட் உலர்திராட்சை டப்பாவை ஒரு தடவை பார்த்தாலே அந்த முகம் மறக்காது. நிஜமாவே இருந்த பெண்தான். கலிபோர்னியாவைச் சேர்ந்த லொரெய்ன் காலெட், 1915-ல் அந்தப் படத்துக்கு மாடலாக இருந்தவர்.

1982-ல் எஸ்தர் எர்னாண்டஸ் என்ற சிக்கானா ஓவியர் அதே டப்பாவைத் திரும்ப வரைந்தார். குல்லா, கூடை, சூரியன் எல்லாம் அப்படியே. முகம் மட்டும் மண்டையோடு, கை எலும்பு. பெயர் 'சன் மேட்'. மேட் என்றால் கோபம், கிறுக்கு ரெண்டும். கீழே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி போட்டு வளர்த்ததுன்னு ஒரு குறிப்பு வேற.

ஓவியக் கல்லூரிக் குறும்புன்னுதான் முதல்ல நினைச்சேன். தப்பு.

எஸ்தர் 1944-ல் பிறந்தது சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருக்கும் டைனூபா. தோட்டக்கூலிக் குடும்பம். அங்கே உலர்திராட்சை செய்யும் பழைய முறை இதுதான்: கோடை முடிவில் கொடிக்கடியில் குனிந்தும் மண்டியிட்டும் குலைகளை அறுக்கணும். வரிசைக்கு நடுவே மண் மேல விரிச்ச காகிதத்தில் பரப்பி, ரெண்டு மூணு வாரம் வெயிலில் காய விடணும். கூலி, எத்தனை காகிதம் நிரப்பினோம் என்ற கணக்கில். டப்பாப் பெண்ணோட குல்லாவில் ஒரு பொட்டு தூசி இருக்கான்னு பாருங்க!

இந்தப் பள்ளத்தாக்கு சும்மா இருந்த இடமும் இல்லை. 1965 செப்டம்பர் 8-ம் தேதி டெலானோவில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. (இவரைப் பலரும் மறந்துடறாங்க.) ஒரு வாரம் கழித்து சீசர் சாவேஸ், டொலோரெஸ் உவேர்ட்டாவின் மெக்சிகன் சங்கம் சேர்ந்துகொண்டது. லூயிஸ் வால்டெஸ் லாரியின் பின்தட்டையே மேடையாக்கித் தொழிலாளிகளையே நடிக்க வைத்தார். நாடு முழுக்கத் திராட்சை வாங்காதீங்கன்னு பிரசாரம். அஞ்சு வருஷம் ஆச்சு. 1970-ல் முதலாளிகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களில் பூச்சிமருந்துக் கட்டுப்பாடும் இருந்தது.

ஆனா 1979-ல் எஸ்தருக்கு அம்மா மூலமாகத் தெரிய வந்தது என்ன? ஊர்த் தண்ணீரிலேயே பூச்சிமருந்து கலந்திருக்கு. வருஷக்கணக்கா குடும்பமே குடித்த, குளித்த தண்ணீர். வயலில் நின்றவங்களுக்கு மட்டுமான பிரச்சினையா இருந்தது வீட்டுக் குழாய்க்கு வந்துடுச்சு.

இங்கேதான் மண்டையோடு எனக்குப் புரிந்தது. பயமுறுத்த இரவல் வாங்கிய பேய் இல்லை அது. மெக்சிகோவில் நவம்பர் மாதம் இறந்தவங்களை வரவேற்கும் பண்டிகையில் எலும்புக்கூடு வீட்டு ஆள் மாதிரி. 1913-ல் இறந்த ஓவியர் ஹோசே குவாதலூப்பே பொசாதா எலும்புக்கூட்டுக்குத் தொப்பி மாட்டிப் பணக்காரங்களைக் கிண்டல் பண்ணியிருக்கார். எஸ்தர் தன் பாட்டன் வீட்டுச் சொத்தை எடுத்து அமெரிக்கக் கம்பெனிக் குல்லாவுக்குள்ள வெச்சுட்டார். டப்பாவுக்கு உள்ளே இருக்கிற பழத்தைப் பறிச்சவங்க முகம் முதல் தடவையா டப்பா மேல வந்தது. அதுவும் சில்க் ஸ்கிரீனில். பல பிரதி எடுக்கலாம், சுவரெல்லாம் ஒட்டலாம்.

2008-ல் அவரே இன்னொரு டப்பா பண்ணினார், 'சன் ரெய்ட்'. இதில் எலும்புக்கூடு பழங்குடிப் பெண்கள் போடும் பூவேலை உய்பில் சட்டை போட்டிருக்கு. மணிக்கட்டில் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கண்காணிப்புப் பட்டை. கூடையில் திராட்சை அப்படியே இருக்கு.