நம் காலடி மண்ணை வரைந்தவர்கள்



போன கிழமை பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், கற்பிட்டியில எங்கட சாச்சி வீட்டில பத்தடி தோண்டினாலே தண்ணி. வண்ணாத்திவில்லுப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு ஆழத்துக்குக் குழாய்க் கிணறு அடிக்கிறாங்க?"

விடை அறுபது வருடங்களுக்கு முன்பே வரைபடத்தில் ஏறிவிட்டது. அதை வரைந்த கதை நம் ஊரில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

1956ல் கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியோடு, இலங்கை முழுவதையும் விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள். அளவுத்திட்டம் 1:40,000. தரையில் 400 மீற்றர், படத்தில் ஒரு சென்ரிமீற்றர். ஒன்றையொன்று தழுவும் இரண்டு படங்களை அருகருகே வைத்து இரட்டைக் கண்ணாடிக் கருவியால் பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். மணல்மேடு, உவர்நிலம், காடு, வில்லு எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எல்லைக்கோடு போட்டார்கள்.

ஆனால் விமானத்துக்கு மண்ணின் உள்பக்கம் தெரியாது. அதற்கு ஆட்கள் நடந்தே போக வேண்டும். துளைகருவியை முறுக்கி இறக்கி மண் எடுப்பார்கள். முக்கியமான இடங்களில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டி, அடுக்கடுக்காகப் பார்ப்பார்கள். நிற அட்டையோடு ஒப்பிட்டு நிறத்தைக் குறிப்பார்கள். ஈரமாக்கி விரலால் உருட்டி மணலா களியா என்று பார்ப்பார்கள். ஒரு துளி அமிலம் விட்டால் நுரைக்கிறதா? அப்படியென்றால் சுண்ணாம்பு இருக்கிறது. வில்பத்துப் பக்கத்து வெயிலில் இதைச் செய்வது எப்படிப்பட்ட வேலை என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

களனி கங்கைக்கும் அருவி ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியின் வளங்களைப் பற்றி கனடாவின் ஹன்டிங் சேர்வே நிறுவனத்தின் அறிக்கை 1963ல் வந்தது. நம் புத்தளம் அதற்குள்தான் வருகிறது. அதற்கு முன், 1961ல், மோர்மன் என்ற மண்ணியலாளரும் நம் நாட்டின் சி. ஆர். பனாபொக்கேயும் இலங்கை மண்களுக்குப் புதிய வகைப்படுத்தலை வெளியிட்டார்கள். இன்று புவியியல் பாடத்தில் பிள்ளைகள் மனனம் செய்யும் செங்கபில மண், செம்மஞ்சள் லற்றசோல், றெகோசோல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். கற்பிட்டிக் குடாநாடு றெகோசோல், அதாவது வெறும் மணல். மழை நேராக உள்ளே இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அதனால்தான் பத்தடியில் நல்ல தண்ணீர். வண்ணாத்திவில்லுப் பக்கம் செம்மஞ்சள் லற்றசோல். ஆழமான சிவப்பு மண். கஜு நன்றாக வரும், ஆனால் தண்ணீர் மேலே தங்காது. அது கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லில் இருக்கிறது. சீமெந்துக்காக அருவக்காட்டில் வெட்டுவதும் அந்தக் கல்லைத்தான்.

மண்ணை வரைந்த பனாபொக்கே பிற்காலத்தில் தண்ணீரைப் பற்றியும் எழுதினார். அவரும் பெரேராவும் 2005ல் இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்தார்கள். கரையோர மணல் நீர் ஒன்று, வண்ணாத்திவில்லுவின் ஆழ்நீர் இன்னொன்று. இரண்டும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

இதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மழையை உள்ளே விடும் மணல், உரத்தையும் மலசலகூடக் குழியின் கழிவையும் அதே வேகத்தில் உள்ளே விடும். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குப் போடும் உரம் கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்வதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் உறவுகள் வந்து குடிசை போட்டதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மணலில்தான். சின்ன வளவுக்குள் கிணறும் குழியும் பக்கத்தில் பக்கத்தில். யாரையும் குறை சொல்லவில்லை. தலைக்கு மேல் ஓலை கிடைத்ததே அன்று பெரிது. ஆனால் அந்த முகாம்கள் ஊர்களாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இனியும் தெரியாது என்று இருக்க முடியாது.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முதல் ஆபத்து, அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான்.

மணல் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதியுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் மேசன் வந்து கயிறு பிடிக்கும் முன்பே கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். தோட்டக்காரச் சகோதரர்கள் உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். காசும் மிச்சமாகும்.

ஏற்கெனவே தண்ணீர் பரிசோதித்தவர்கள் எங்கே கொடுத்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

வஸ்ஸலாம்.