பற்று நோட்டில் ஒரு பாதை

போன தை மாதம் வைப்பார் விலக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நான்கு சைக்கிள்கள் வந்து நின்றன. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற பையன்கள். தலைக்கவசம், இறுக்கமான கால்சட்டை, கைப்பிடியில் செருகிய செல்போனில் வரைபடம். ஒருவன் டீக்கடைக்காரரிடம் கேட்டான்: “அண்ணா, கடலை ஒட்டியே தூத்துக்குடி வரைக்கும் போக ரோடு இருக்கா?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “கடலை ஒட்டி ரோடு இல்ல தம்பி. ஊருதான் இருக்கு.”

பையன்கள் சிரித்தார்கள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு அல்ல. எங்கள் கரையின் ஐந்நூறு வருஷ வரலாற்றை அதைவிடச் சுருக்கிச் சொல்ல முடியாது. சாலையின் பெயர் என்னவோ கிழக்குக் கடற்கரைச் சாலைதான். வேம்பார், சூரங்குடி, வைப்பார் பாலம், குளத்தூர், தருவைகுளம் விலக்கு என்று தூத்துக்குடிக்குப் போகிறவன் கடலைப் பார்ப்பது அபூர்வம். பார்ப்பதெல்லாம் பனையும் சீமைக்கருவேலமும் உப்பளமும்தான். கடல் வேண்டுமென்றால் ஒவ்வொரு விலக்கிலும் கிழக்கே திரும்பி உள்ளே போக வேண்டும், பார்த்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். கீழவைப்பார் அப்படி உள்ளே இருக்கிற ஊர். என் ஊர்.

கரையூர்களை இணைக்கிற பாதை இல்லாமல் இல்லை. அது தண்ணீரில் இருந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்கள் ஏழு கடற்றுறை என்று சொல்வார்கள்: வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. வடக்கிலிருந்து தெற்காக, வள்ளத்தில் போகிற வரிசை அது. 1535க்கும் 1537க்கும் இடையில் இந்த ஊர்கள் திருமுழுக்குப் பெற்றன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர் மணலில் நடந்தார், கால் ஓய்ந்த இடத்தில் தோணி ஏறினார். 1544 செப்டம்பரில் மன்சிலாஸ் என்ற தன் உதவியாளருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தூத்துக்குடி மக்கள் துரத்தப்பட்டு, எதிரே உள்ள தீவுகளில் பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருக்கிறார்கள், உடனே தோணிகளை அனுப்பி உதவு என்கிறது அது. ஆபத்து தரையிலிருந்து வந்தது. ஓட்டம் கடலுக்குள் போனது.

அந்தத் தீவுகள் இன்று மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. 1986இல் அறிவித்தபோது 21 தீவுகள். அவற்றில் விலாங்குச்சல்லி இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கிறது. ஓடி ஒளிய இடம் தந்த மண்ணே ஒளிந்துகொண்டது என்று ஒருமுறை எழுதப்போனேன். ரொம்ப அலங்காரமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

போர்ச்சுகீசியர் போய் 1658இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1825இல் தூத்துக்குடி நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பற்றி அறிக்கை அறிக்கையாக எழுதினார். தொலாயிரம் பார் எங்கே இருக்கிறது, சிப்பி எப்படிச் செழித்தது, எப்படி அழிந்தது என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் பிடித்த மீன் எந்த வழியாக மேற்கே போனது, எதற்கு மாற்றாகப் போனது என்று தேடினால் கைக்குக் கிடைப்பது சொற்பம். முத்துக்கு ஆவணம் உண்டு. சாளைக்கு யார் எழுதுவது?

என்னிடம் ஒரே ஒரு ஆவணம் இருக்கிறது: அப்பாவின் பற்று நோட்டு.

தாத்தா குளியாள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1955இல் தொடங்கிய அந்தச் சுற்று அதோடு முடிந்தது, இன்றுவரை இன்னொன்று நடக்கவில்லை. (மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் 1973இல் வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டியது வேறு கதை.) சங்கு இருந்தது. ஆனால் அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே காதுச் சவ்வு கிழிந்துபோயிருந்தது. முங்கக் கூடாது என்றாகிவிட்டது. 1964இல் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி. பின்னால் அகலமான கேரியர் வைத்து, அதில் ஓலைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹார்ன் மாட்டினார். விடியற்காலை கரையில் ஏலம் எடுத்த மீனை விளாத்திகுளம் வரை கொண்டுபோய் விற்கிற வேலை.

இந்தப் பாதை அவர் கண்டுபிடித்ததல்ல. ஆறு போட்ட பாதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கிற வைப்பாறு சாத்தூர், விளாத்திகுளம் வழியாக வந்து எங்கள் ஊர்ப்பக்கம் கடலில் சேர்கிறது. வருஷத்தில் பாதி நாள் மணலாறு. கரிசல் காட்டில் மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் புதையும், ஆற்றோரம் அப்படி இல்லை. சங்கப் பாட்டில் வருகிற உமணர்களின் உப்பு வண்டிகள் இந்த மாதிரி ஒரு தடத்தில்தான் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பருத்தி வண்டிகள் எதிர்த்திசையில் கடலைப் பார்க்க வந்தன. 1876இல் மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின் பருத்தி அந்தப் பக்கம் குவிந்தது. ஏழு துறைகளில் ஒன்று நகரமாகி, வைப்பாரும் வேம்பாரும் கிராமங்களாக நின்றதற்கு அந்தத் தண்டவாளம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கடல் ஆழம், நிர்வாகம் என்று வேறு காரணங்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஊர்ப்பெயரிலேயே ‘பார்’ இருக்கிறதே, முத்துப் பாரிலிருந்து வந்ததா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அது ஆறுதான்.

நோட்டில் ஊர்ப் பெயர்கள் கிடையாது. ‘வேப்பமரத்து வீடு 3.50’, ‘பாலத்தடி டீச்சர் 2’, ‘கிணத்து மேட்டு ஆச்சி, கம்பு ஒரு படி’, ‘செவிட்டுத் தாத்தா பாக்கி இல்லை’. வரிசை மாறாமல் இதே அடையாளங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. எந்த வீட்டுக்குப் பின் எந்த வீடு என்று அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே போகலாம். அளவுகோல் இல்லாத வரைபடம். பாதி வரவு காசாக இல்லை என்பதும் தெரிகிறது: கம்பு, சோளம், மிளகாய் வத்தல், பருத்தி எடுக்கும் மாதங்களில் பருத்தி. 1970களிலும் கடலும் கரிசலும் பண்டம் மாற்றிக்கொண்டுதான் இருந்தன.

சுற்றுலாவாகச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தூத்துக்குடியிலிருந்து வேம்பாருக்கு வந்தால் காற்றே தள்ளிவிடும். எதிர்த்திசையில் போனால் உயிர் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை, இதற்கு நேர்மாறு. தை, மாசிதான் தோது. அப்பாவுக்கு இந்தத் தேர்வு இல்லை. மேற்கே போகும் விடியற்காலையில் தரைக்காற்று எதிரே வரும். விற்று முடித்து மத்தியானம் திரும்பும்போது கடல்காற்று எழுந்து மறுபடி எதிரே நிற்கும். “போறப்பயும் எதிர்க்காத்து, வர்றப்பயும் எதிர்க்காத்து. நமக்குன்னு எவன் எழுதி வச்சான்னு தெரியல” என்பார். சின்ன வயதில் அதைப் புலம்பல் என்று நினைத்தேன். பிறகுதான் அது சரியான வானிலைக் குறிப்பு என்று புரிந்தது.

1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். மூன்று பேர் 1928இல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள்: ஆதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா. எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் எழுதிய நூலுக்கு நேரு முன்னுரை தந்தார். அதைப் பற்றிப் படித்த அன்று இரவு சும்மா ஒரு கணக்குப் போட்டேன். கீழவைப்பாரிலிருந்து விளாத்திகுளம் போய்வர, சுற்று வழிகளைச் சேர்க்காமல், நாற்பது கிலோமீட்டர் என்று வைப்போம். வருஷத்துக்கு 250 நாள். 1964இலிருந்து 1986 வரை 22 வருஷம். 2,20,000 கிலோமீட்டர். பூமியை ஐந்தரைத் தடவை சுற்றுகிற தூரம். பம்பாய்க்காரர்களின் சாகசத்தை இது குறைக்கவில்லை. அவர்கள் பாலைவனமும் பனியும் கடந்தவர்கள். ஆனால் எந்தப் பயணத்துக்கு முன்னுரை கிடைக்கிறது, எது பற்று நோட்டோடு நிற்கிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா சைக்கிளில் போனார். அதே மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுபோன பெண்கள் அதே பாதையில் நடந்தார்கள். அவர்கள் எட்டக்கூடிய தூரம் அவருடையதில் கால்வாசி, அதனால் வருமானமும் அப்படித்தான். சைக்கிள் அந்த வியாபாரத்தை நீட்டியது, ஆண்களுக்கு மட்டும். 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்த செய்தி வந்தபோது அம்மா சொன்னாள்: “முப்பது வருசம் முந்தி வந்திருந்தா உங்கப்பனுக்கு முன்னால நான் விளாத்திகுளத்துல நின்னுருப்பேன்.” 1980இல் வந்த டி.வி.எஸ். 50 மெல்ல மெல்ல எல்லா மீன் வியாபாரிகளையும் மாற்றியது. அப்பா மாறவில்லை. பெட்ரோலுக்குக் காசு போனால் மீனுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் வாதம். உண்மையில் முதல் போட அவரிடம் பணமில்லை.

இதை எழுத எனக்குத் தயக்கமாக இருப்பதற்குக் காரணம் வேறு. நான் விளாத்திகுளத்தில்தான் படித்தேன். தூரத்தில் அந்த ரப்பர் ஹார்ன் கேட்டால் தெரு மாறிவிடுவேன். கவுச்சி என்று பையன்கள் மூக்கைப் பிடிப்பார்கள். ஒருநாள் தப்ப முடியவில்லை. ஒரு வீட்டு வாசலில் அப்பா குனிந்து, இரண்டு கையையும் குவித்து நிற்கிறார். திண்ணையிலிருந்து ஒரு அம்மாள் செம்பைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறார். செம்பு கையில் பட்டுவிடக் கூடாது. அப்பா நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அன்று இரவு இருவருமே அதைப் பேசவில்லை. அப்புறமும்.

அந்தத் தை மாதம் பையன்கள் போனபின் நான் சைக்கிளை எடுத்தேன். மகனுடையது, கியர் வைத்த வண்டி. பையில் நோட்டு. காலைக் காற்று எதிரே நின்றது. பல வீடுகள் இடிந்து மாடியாகியிருந்தன. கிணற்று மேட்டில் தண்ணீர்த் தொட்டி. பாலத்தடி டீச்சர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. வேப்பமரம் மட்டும் நின்றது.

வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காது கேக்காத மீன்காரரு மகனாய்யா? பாம்பாம்னு அமுக்கிக்கிட்டு வருவாரே?” என்றார். நோட்டைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டுக் கணக்கில் பதினோரு ரூபாய் அடிக்கப்படாமல் நிற்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். உள்ளே பேத்தியைக் கூப்பிட்டார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது, என் கையிலேயே தந்தாள். குடித்தேன். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“அது கெடக்கட்டும்,” என்றார் பாட்டி, “வெறுங்கையோடயா வந்த? மீன் கொண்டாரலையா?”