படைத்துறை ஆய்வகத்தில் பிறந்த திறமூல வரைபடவியல்: ஜிம் வெஸ்டர்வெல்ட்டும் கிராஸ் மென்பொருளும்

புவியியல் தகவல் முறைமை என்பது ஓரிடத்தின் உயரம், சரிவு, மண்வகை, தாவரப் பரப்பு, நீரோட்டம் முதலிய தரவுகளை ஒரே ஆயத்தளத்தின் மீது அடுக்கி, அவற்றிடையே உள்ள தொடர்புகளைக் கணித்துக் காட்டும் கணினி முறையாகும். இத்துறையில் இன்று உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்படும் ‘கிராஸ்’ என்னும் மென்பொருள் தன்னார்வலர் குழுவொன்றில் தோன்றியதன்று. அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகம் ஒன்றில், படைத்தளங்களின் நிலத்தைப் பேணும் பணிக்காக உருவானது. அதன் நாற்பதாண்டு வரலாற்றை, அதன் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவரான ஜிம் வெஸ்டர்வெல்ட்டின் பணிவாழ்வோடு இணைத்து நோக்கினால், ஒரு மென்பொருள் தன்னைப் பெற்ற நிறுவனத்தைக் கடந்து வாழ்வதற்கு மூல நிரல் வெளிப்படையாக இருப்பது இன்றியமையாதது என்பதும், அது மட்டுமே போதுமானதன்று என்பதும் புலப்படும்.

படைத்தளமும் சூழலியற் கடமையும்

1970 ஜனவரி 1 அன்று கையொப்பமான அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், நடுவண் அரசின் பெருஞ்செயல் எதுவாயினும் அதனால் சூழலுக்கு நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும் என விதித்தது. 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் இக்கடமையை மேலும் இறுக்கியது. பரந்த பயிற்சி நிலங்களை வைத்திருந்த தரைப்படைக்கு இச்சட்டங்கள் புதிய வினாக்களை எழுப்பின. கனரகப் பீரங்கி வண்டிகள் எந்தச் சரிவில் ஓடினால் மண் அரிக்கும், எந்தக் காட்டுப்பகுதியில் எப்பறவை கூடுகட்டும் என்பனவற்றுக்குத் தாள் வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு விரைவாக விடை காண்பது அரிதாயிற்று. டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் தளம் இச்சிக்கலுக்குத் தக்க சான்றாகும்: கவசப் படையின் பெரும் பயிற்சிக் களமாகிய அதே நிலம், 1990இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்ட பொன்னிறக் கன்னமுடைய பாடும் பறவையின் வாழிடமாகவும் இருந்தது.

இல்லினாய் மாநிலத்தின் சாம்பெயின் நகரில் இயங்கிய தரைப்படைக் கட்டுமானப் பொறியியல் ஆய்வகம் இத்தேவையைக் கையில் எடுத்தது. 1982இல் லாயிட் வான் வாரன் என்பவர் ஃபோர்ட் ஹூட் தளத்திற்கெனத் தகவல் முறைமை ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெஸ்டர்வெல்ட் தம் முதுகலை ஆய்வேட்டின் பகுதியாக ‘லாகிரிட்’ என்னும் நிரலை எழுதியிருந்தார். நிலத்தைச் சம அளவுள்ள சிறு கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றிற்கும் ஒரு மதிப்பைத் தரும் ராஸ்டர் முறையில், நிலத்தோற்ற வடிவமைப்புக்காக எழுதப்பட்ட நிரல் அது. அந்த மாணவ முயற்சியின் யுனிக்ஸ் இயங்குதள வடிவமாகவே கிராஸ் ஆய்வகத்தில் முதலில் திட்டமிடப்பட்டது. ‘புவியியல் வளங்களின் ஆய்வுக்குத் துணைநிற்கும் முறைமை’ என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கமே கிராஸ் என்பதாகும்.

நிரலமைப்பும் அதன் விளைவும்

எஸ்ரி நிறுவனத்தின் ‘ஆர்க்இன்ஃபோ’ என்ற வணிக மென்பொருள் வெளியானதும் 1982இல்தான். கிராஸ் குழு அதனினும் வேறான வழியில் சென்றது. வெஸ்டர்வெல்ட்டும் மைக்கேல் ஷாப்பிரோவும் முன்நின்று எழுதிய அந்நிரல், சி மொழியில், யுனிக்ஸ் இயங்குதளத்தின் மரபையொட்டி அமைந்தது. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிச் சிறு நிரல் எழுதி, ஒன்றின் விளைவை மற்றொன்றுக்கு உள்ளீடாகத் தருவதே அம்மரபு. சரிவைக் கணிப்பது ஒரு நிரல். நீர்வழியைக் காண்பது இன்னொன்று. வரைபடத்தைத் திரையில் காட்டுவது வேறொன்று. இவ்வமைப்பினால், முழு முறைமையையும் அறியாத ஓர் ஆய்வாளர்கூடத் தம் துறைக்குரிய ஒரு கணிப்பை மட்டும் எழுதிச் சேர்க்க முடிந்தது. பின்னாளில் பல நாட்டவர் கூடி உழைப்பதற்கான இடம் இந்த நிரலமைப்பிலேயே இருந்தது என்பதைக் கருத வேண்டும்.

ஷாப்பிரோவும் வெஸ்டர்வெல்ட்டும் விளக்கிய வரைபட இயற்கணிதம் இதன் சிறந்த பயன்களுள் ஒன்று. எண்களைக் கூட்டவும் பெருக்கவும் ஒப்பிடவும் இயல்வதுபோல வரைபடங்கள் முழுவதையுமே கூட்டவும் ஒப்பிடவும் இயலச் செய்வது இம்முறை. சரிவு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாகவும், மண் உறுதியாகவும், காப்புக்குரிய வாழிடத்திற்கு வெளியிலும் உள்ள கட்டங்கள் எவை என்ற வினாவை ஒரே வரியில் எழுதிவிட்டால், விடை புதியதொரு வரைபடமாகக் கிடைத்துவிடும்.

பதிப்புரிமை இன்மை

அமெரிக்கச் சட்டப்படி, நடுவண் அரசின் ஊழியர்கள் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. அவை பொதுமக்கள் எவரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாகும். கிராஸ் நிரல் இவ்வகையிலேயே மூல நிரலோடு வழங்கப்பட்டது. மண்வளப் பாதுகாப்புத் துறை, தேசியப் பூங்காத் துறை, பல்கலைக்கழகங்கள் எனப் பயனர் வட்டம் படைத்தளங்களுக்கு வெளியே விரிந்தது. 1987இல் நடிகர் வில்லியம் ஷாட்னரின் குரல் விளக்கத்துடன் ஆய்வகம் ஓர் அறிமுகப் படத்தையே வெளியிட்டது, இவ்விரிவை அது எவ்வளவு விரும்பியது என்பதைக் காட்டுகிறது. 1992இல் தோன்றிய ‘ஓப்பன் கிராஸ்’ அறக்கட்டளையின் தொடர்ச்சியாக 1994இல் ‘ஓப்பன் ஜிஐஎஸ்’ கூட்டமைப்பு அமைந்து, வெவ்வேறு மென்பொருள்கள் தம்முள் வரைபடத் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரநிலைகளை வகுக்கலாயிற்று.

கைவிடலும் மீட்பும்

1990களின் நடுவில் ஆய்வகம் பொதுமக்களுக்கான கிராஸ் பதிப்பை வளர்ப்பதிலிருந்து விலகியது. அதற்குள் வணிக மென்பொருள்கள் வலுப்பெற்றிருந்தன. வணிக மென்பொருளாயின் இத்தகைய விலகல் அதன் முடிவாகவே அமைந்திருக்கும். மூல நிரல் பலர் கையில் இருந்தமையால், டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகம் அதை ஏற்று 4.2ஆம் பதிப்பை வெளியிட்டது. அடுத்து ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் நெட்டலர் ஒருங்கிணைப்புப் பொறுப்பை ஏற்றார்.

1999 அக்டோபரில் கிராஸ் குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். பொதுச் சொத்தாக உள்ள நிரலை எவரும் எடுத்துத் திருத்தி, அத்திருத்தத்தை மறைத்துத் தனியுடைமையாக விற்கலாம். குனு உரிமமோ, திருத்திய வடிவத்தை வெளியிடுவோர் அதன் மூல நிரலையும் அதே உரிமையோடு தரவேண்டும் எனக் கட்டுப்படுத்துகிறது. சிதறிக்கிடந்த மேம்பாடுகள் ஒரே மரபில் திரண்டு சேர்வதற்கு இது வழிவகுத்தது. முழு எண்களை மட்டுமே ஏற்ற பழைய கட்ட அமைப்பு, 5ஆம் பதிப்பில் தசம எண்களையும் ஏற்கத் தொடங்கியதால் உயரம், மழையளவு போன்றவற்றை நுட்பமாகக் கணிக்க முடிந்தது. 2005இல் வெளியான 6.0 பதிப்பில், ராடிம் பிளாசெக் புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றைக் கையாளும் வெக்டார் பகுதியைப் புதிதாகக் கட்டினார். இல்லினாய் காலத்திலேயே நிலப்பரப்புக் கணிப்பு முறைகளை வளர்த்த ஹெலெனா மிட்டாசோவா, நெட்டலருடன் இணைந்து எழுதி 2002இல் வெளியிட்ட நூல், படைத்துறைக் காலத்து அறிவைப் புதிய தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது.

2002இல் இத்தாலியின் ட்ரெண்டோவிலும், 2004இல் தாய்லாந்தின் பேங்காக்கிலும் கிராஸ் பயனர் மாநாடுகள் நடைபெற்றன. பேங்காக் மாநாட்டிற்கு வெஸ்டர்வெல்ட் கிராஸின் தோற்றம் பற்றிய கட்டுரையை அளித்தார். அவர் தம் ஆய்வை நிலத்தோற்ற உருவகக் கணிப்பை நோக்கி விரித்து, நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை குறித்த நூலை 2001இல் வெளியிட்டிருந்தார். 2006இல் திறமூலப் புவிவெளி அறக்கட்டளை தொடங்கியபோது அதன் முதல் திட்டங்களுள் கிராஸும் ஒன்றாயிற்று.

முடிவு

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. சூழல் சட்டங்கள் எழுப்பிய தேவையே இம்மென்பொருளைப் பிறப்பித்தது. பதிப்புரிமை இன்மையும் பகுதி பகுதியான நிரலமைப்பும் அது கைவிடப்பட்ட காலத்தில் அதனைக் காத்தன. பொறுப்பேற்ற மனிதர்களும் தெளிவான உரிமமும் சேர்ந்த பின்னரே அது நிலைபெற்றது. மக்கள் வரிப்பணத்தில் மென்பொருள் எழுதும் எந்த அரசும், மூல நிரலை வெளியிடுவதோடு நின்றுவிடாமல், அதற்குரிய உரிமத்தையும் அதைத் தொடர்ந்து பேணுவோரையும் உறுதிசெய்ய வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.