கொக்கோவும் குருதிக் குழாயும்: ஒரு மருத்துவக் கருத்தின் வளர்ச்சியும் சுருக்கமும்

கொக்கோ இதயத்துக்கு உகந்தது என்ற கருத்து நவீன மருத்துவத்துக்குள் இரண்டு முறை நுழைந்திருக்கிறது. முதல் முறை வந்தபோது அதன் பெயர் தியோபுரோமின். 1841இல் ரஷ்ய வேதியியலர் அலெக்சாண்டர் வாஸ்கிரெசென்ஸ்கி கொக்கோ விதையிலிருந்து பிரித்தெடுத்த கசப்புப் பொருள் அது. 1880களில் அதன் உப்பு ஒன்று ‘டையூரெட்டின்’ என்ற பெயரில் மருந்தானது. இதயம் தளர்ந்து கால் வீங்கியவர்களுக்குச் சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடியச் செய்யவும், பின்னர் நெஞ்சுவலிக்கும் மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். அதைவிடத் திறமான மருந்துகள் வந்ததும் அது வழக்கொழிந்தது.

இரண்டாம் வருகை வேறொரு பொருளின் பெயரால் நிகழ்ந்தது. ஃபிளவனால் எனப்படும் தாவரச் சேர்மங்களும், அவற்றுள் குறிப்பாக எபிகாட்டெக்கினும் இப்போது முன்னால் வந்தன. இந்த இரண்டாம் வரலாற்றில் ஒரு போக்கு தொடர்ந்து தென்படுகிறது. ஆய்வு கறாராகக் கறாராக, கண்டறியப்பட்ட பலன் சிறுத்துக்கொண்டே வந்தது. பலனுக்குக் காரணமான பொருளும் நாம் உண்ணும் சாக்லேட்டிலிருந்து விலகிக்கொண்டே போனது.

இந்த வரலாறு பனாமாவின் கரீபியக் கரையோரத் தீவுகளில் தொடங்குகிறது. அங்கு வாழும் குனா பழங்குடியினரின் இரத்த அழுத்தத்தை அளந்த அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் கீன், அது வயது ஏறினாலும் ஏறவில்லை என்று 1944இல் எழுதினார். மேற்கத்திய மருத்துவம் அழுத்த உயர்வை முதுமையின் கூடப்பிறந்ததாகவே எண்ணியிருந்த காலம் அது. அரை நூற்றாண்டு கழித்து ஹார்வர்டின் நார்மன் ஹாலன்பர்க் அதே தீவுகளுக்குச் சென்றார். அவர் முதலில் தேடியது, உயர் அழுத்தத்திலிருந்து காக்கும் மரபணுவை. ஆனால் பனாமா நகருக்குக் குடிபெயர்ந்த குனாக்களிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. நகரவாசிகளில் 60 வயதைக் கடந்தோரில் 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததாக அவரது குழு 1997இல் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. ஆக, மரபணு விளக்கம் நிற்கவில்லை. தீவுவாசிகள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களும் அல்லர். உணவுப் பழக்கத்தைத் துருவி ஆராய்ந்தபோது கண்ணில் பட்டது கொக்கோ பானம். தீவுகளில் அதை நாள்தோறும் பல குவளை குடித்தார்கள், நகரத்தில் அந்தப் பழக்கம் தேய்ந்திருந்தது என்றது ஹாலன்பர்க் குழு.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தீவிலிருந்து நகரத்துக்குப் போகிறவர் கொக்கோவை மட்டும் விட்டுவிட்டுப் போவதில்லை. துடுப்பு போட்டுக் கடலுக்குப் போகும் உழைப்பு, மீன், தேங்காய், வாழைக்காய், உறவுச்சூழல், நேரம் பற்றிய பதற்றமின்மை எல்லாமே மாறுகின்றன. தீவுகளில் கொக்கோப் பயன்பாடு உண்மையில் அவ்வளவு அதிகமா என்ற கேள்வியும் பின்னாளில் எழுந்தது. குனாக்களைப் பற்றிய தரவு நல்ல கருதுகோளைத் தந்தது. நிரூபணம் தரவில்லை. இதழ்களும் விளம்பரங்களும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவே இல்லை.

1990களில் இந்தக் கருதுகோளுக்குக் கிடைத்த முதல் விளக்கம் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்பது. சோதனைக்குழாயில் கொக்கோச் சேர்மங்கள் கெட்ட கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தன. ஆனால் குடலைக் கடந்து குருதியை எட்டும் அளவு மிகச் சொற்பம் என்பதால் அந்த விளக்கம் வலுவிழந்தது. சந்தையில் மட்டும் அதற்கு இன்னும் மவுசு உண்டு.

நின்று நிலைத்த விளக்கம் குருதிக் குழாயின் உட்சுவரிலிருந்து வந்தது. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளில் ஒரு விந்தையைக் கண்டார். உட்படலம் சிதையாத துண்டு அசிட்டைல்கோலின் பட்டதும் தளர்ந்தது. உட்படலம் தேய்க்கப்பட்டு உரிந்த துண்டு தளரவில்லை. அந்த மெல்லிய படலத்திலிருந்து ஏதோ ஒரு செய்தி தசைக்குப் போகிறது என்பது அவர் முடிவு. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு வாயு என்பது பின்னர் உறுதியாகி, 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொக்கோ ஆய்வாளர்கள் தேடிய கருவி இதுதான். ஹாலன்பர்க் குழுவினர் நலமான 27 பேருக்கு ஃபிளவனால் மிகுந்த கொக்கோவைச் சில நாள் கொடுத்து, விரல் நுனியில் குருதி துடிக்கும் வீச்சை அளந்தார்கள். குழாய்கள் விரிந்தன. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் அந்த விரிவு அடங்கியது. 2003இல் வெளியான இந்தச் சோதனை அழகானது. காரணத்தைத் தொட்டுக் காட்டியது. எபிகாட்டெக்கினைத் தனியாகக் கொடுத்தாலும் இதே வகை விளைவு தோன்றுவதை 2006இல் ஹேகன் ஷ்ரோட்டர் குழு காட்டியது.

இந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் பணமோ பொருளோ ஆளோ தந்தது சாக்லேட் உற்பத்தியாளரான மார்ஸ் நிறுவனம். அதனாலேயே அவை பொய் என்று தள்ளுவது சோம்பேறித்தனம். ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதில் பணத்துக்குப் பங்குண்டு. கொக்கோ குழாயை விரிக்கிறதா என்று ஏராளமானோர் ஆராய்ந்தார்கள். கடையில் விற்கும் சாக்லேட்டில் அந்தப் பொருள் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு அந்த அளவு விளம்பரம் கிடைக்கவில்லை.

விடை கொக்கோத் தோப்பிலேயே தொடங்குகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிர். பழத்தை உடைத்து, வெள்ளைச் சதை ஒட்டிய விதைகளைப் பெட்டியிலோ கூடையிலோ கொட்டி மூடி, இடையிடையே கிளறிவிட்டு, ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, பிறகு காய வைக்கிறார்கள். தரம் பார்க்கிறவர் காய்ந்த விதையை நெடுக்காக வெட்டிப் பார்ப்பார். உள்ளே பழுப்பாக, வெடிப்புகளோடு இருந்தால் நன்கு புளித்த விதை. ஊதாவாக இறுகியிருந்தால் புளிப்பு போதாது, கசக்கும், விலை குறையும். ஃபிளவனால் அதிகம் எஞ்சியிருப்பதோ அந்த ஊதா விதையில்தான். வணிகம் கழிக்கும் விதையே இதய ஆய்வாளருக்கு உகந்த விதை என்ற இந்த முரணைத் தாண்டி எந்தச் சாக்லேட்டும் ஆரோக்கிய உணவாக முடியாது.

வறுக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. பெரிய இழப்பு, காரப்பொருள் (alkali) சேர்த்துப் பதப்படுத்தும் காரமூட்டலில். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் பரப்பிய இந்த முறை கொக்கோத் தூளைக் கருமையாக்கிக் கசப்பைத் தணிக்கிறது. 2008இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, காரமூட்டாத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. கடுமையாகக் காரமூட்டிய தூளில் 3.9 மட்டுமே. பின்னால் பார்க்கப்போகும் பெரிய சோதனையில் கொடுக்கப்பட்ட 500 மில்லிகிராம் வேண்டுமானால் முதல் தூளில் சுமார் 15 கிராம் போதும். இரண்டாவதில் ஏறக்குறைய 130 கிராம் வேண்டும். கறுத்த தூளே அடர்ந்த கொக்கோ என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு வந்தால், மக்கள்தொகை ஆய்வுகளில் அது பெரிதாகத் தோன்றியது. நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் 470 முதியவர்களை 15 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு, கொக்கோவை அதிகம் உண்டோரில் இதய நோய் மரணம் பாதியாக இருந்ததாக 2006இல் அறிவித்தது. சமவாய்ப்புச் சோதனைகளோ அடக்கமாகப் பேசின. 35 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில் சராசரி அழுத்தக் குறைவு 1.76 மில்லிமீட்டர். உயர் அழுத்தம் உள்ளவர்களில் மேல் அழுத்தம் சுமார் 4 குறைந்தது. மற்றவர்களில் அநேகமாக ஒன்றுமில்லை. அந்தச் சோதனைகள் சராசரியாக ஒன்பது வாரமே நடந்தவை. மாரடைப்பைப் பற்றி அவை எதுவும் சொல்ல இயலாது.

அதைச் சொல்ல வந்ததுதான் காஸ்மாஸ் சோதனை. அமெரிக்காவில் 21,442 முதியவர்களில் ஒரு பாதியினர் நாளுக்கு 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனாலும் மறுபாதியினர் மருந்துப்போலியும் உட்கொண்டனர். இடைநிலைக் காலம் 3.6 ஆண்டு. 2022இல் வந்த முடிவு: முதன்மை இலக்கான மொத்த இதய, குருதிக் குழாய் நிகழ்வுகள் 10 விழுக்காடு குறைவு, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. இரண்டாம்நிலை இலக்கான இதய நோய் மரணம் 27 விழுக்காடு குறைந்தது. அது எல்லையைத் தாண்டியது. முதன்மை இலக்கு தவறிய சோதனையில் இரண்டாம்நிலை வெற்றியை நம்பிக்கைக்குரிய தடயமாக ஏற்கலாம், தீர்ப்பாக ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து. பலரும் கவனிக்காத இன்னொன்று: அவர்கள் விழுங்கியது கொக்கோச் சாறு அடங்கிய மாத்திரை உறை. அதில் சர்க்கரையும் இல்லை, வெண்ணெயும் இல்லை.

ஒழுங்குமுறை அமைப்புகளின் மொழியும் இதே அளவுக்குக் கறாராயிற்று. நாளுக்கு 200 மில்லிகிராம் ஃபிளவனால் குருதிக் குழாய்களின் நெகிழ்வைப் பேண உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 பிப்ரவரியில் இதய நலன் பற்றிய லேபிள் வாசகத்துக்குக் கொடுத்த அனுமதி இன்னும் இறுக்கமானது. குறைந்தது 4 விழுக்காடு ஃபிளவனால் உள்ள கொக்கோத் தூளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆதாரம் மிகக் குறைவு என்பதையும் அந்த வாசகத்தோடு சேர்த்தே அச்சிட வேண்டும். சாதாரணக் கொக்கோத் தூளும் சாக்லேட்டும் அந்த அனுமதியில் சேரவில்லை.